இரண்டு இருந்த இடத்தில் எட்டு

உங்கள் கையில் இருக்கும் ஃபோனை எடுங்கள். யாரையாவது அழைப்பதற்கு எண் போடுகிற பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று இருக்கும். இப்போது அதே ஃபோனில் கால்குலேட்டரைத் திறவுங்கள். மேல் வரிசையில் ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றும் இரண்டும் மூன்றும் கீழே போய்விட்டிருக்கும். நடு வரிசையில் இருக்கிற நாலும் ஐந்தும் ஆறும் மட்டும் இரண்டிலும் ஒரே இடம். தினமும் இரண்டையும் தொடுகிறோம், யாரும் கவனிப்பதில்லை. அஞ்சலை அம்மாள் வியர்த்துக் கிடந்த அந்த மத்தியானம் வரைக்கும் நானும் கவனித்ததில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஊசி போடுவது, மருந்து கலப்பது எல்லாம் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நானும் சொல்லப் போவதில்லை. எனக்கு அதிக நேரம் நின்றால் கால் வீங்குகிறது. உட்கார்ந்தபடியே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஊரில் கட்டடம். ஒன்று திண்டிவனத்தில், இன்னொன்று விழுப்புரத்தில். இரண்டுக்கும் ஒருவரே முதலாளி. அவரைப் பெரிய டாக்டர் என்போம். விழுப்புரத்தில் தீவிர சிகிச்சை வார்டு என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு சமயம் இரண்டு நர்சுகள் சேர்ந்தாற்போல் வேலையை விட்டுப் போக, திண்டிவனத்திலிருந்து ரெஹானாவை அனுப்பினார்கள்.

ரெஹானாவுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அப்பாவும் அண்ணனும் துபாயில். அதிகம் பேசமாட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே திண்டிவனத்து வார்டில் இருந்தவள், கை அத்தனை பழக்கப்பட்ட கை. நரம்பு கிடைக்காத கிழவிகளுக்குக்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். வந்த சில நாட்களிலேயே நோயாளிகள் அவளைத்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அஞ்சலை அம்மாள் அனந்தபுரம் பக்கம். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற குடும்பம். காலில் முள் குத்தியதைக் கவனிக்காமல் விட்டு, சீழ் பிடித்து, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி வந்து சேர்ந்தார். சிரிஞ்சு பம்பில் இன்சுலின் போட்டோம். மணிக்கு இத்தனை மில்லி என்று எண்ணை அழுத்திவிட்டால், மருந்தைத் தானாகத் தள்ளிக்கொண்டே இருக்குமே, அந்தச் சின்னப் பெட்டிதான். முதலில் ஐந்தில் வைத்தோம். வைத்தவள் ரெஹானாதான். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம் திருச்சி ரோட்டில் ஒரு வேனும் லாரியும் மோதிக்கொண்டன. அடிபட்டவர்களில் பாதிப் பேரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு நேரம் வார்டு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, நீங்களே பார்ப்பீர்கள். பெரிய டாக்டர் ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவே ஓடும்போது அஞ்சலை அம்மாளின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, இன்சுலினை இரண்டுக்கு இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். ரெஹானா அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒருவருடைய தொடையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண் அந்த ரத்தத்தில் இருந்தது. வலது கையை மட்டும் நீட்டிப் பம்பில் எண்ணை அழுத்தினாள். பம்பு ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவும் பஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும். அன்று அதுவும் தள்ளிப்போனது.

அஞ்சலை அம்மாளின் வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரக் கூடாது என்று கையைக் காட்டினேன். அவர் போகவில்லை.

"ஏம்மா, அது ஒரு மாதிரியா பேசிக்கினு கீது. காயப்போட்ட மல்லாட்டை மழையில நனையுதாம், என்னை ஓடச் சொல்லுது. மழை எங்கம்மா இருக்குது?"

காலையில் தெளிவாகப் பேசிய அம்மாள். கிட்டே போய் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. தலையணை நனைந்திருந்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நாற்பதுக்கும் கீழே. பம்பைப் பார்த்தேன். எட்டு என்று காட்டியது.

அந்த நேரத்தில் ஒரு கேள்வி நம் வாய்க்கு வரும். "யார் வைத்தது?" எனக்கும் வந்தது. வார்டில் இருந்த மற்ற நர்சுகளின் முகத்திலும் அதே கேள்வி எழுந்து நின்றதைப் பார்த்தேன். அதைக் கேட்டிருந்தால் எல்லாரும் பதில் சொல்லிக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றிருப்போம், அந்த அம்மாளுக்கு அதற்குள் பேச்சு நின்று போயிருக்கும். நான் கேட்கவில்லை. பம்பை நிறுத்தினேன். குளுக்கோஸை எடுத்து வரச் சொன்னேன். எடுத்து வந்தவள் ரெஹானா. அவளையே நரம்பில் ஏற்றச் சொன்னேன். அவள் ஒரே குத்தில் ஏற்றினாள். பம்பு எட்டில் இருந்ததை அவள் அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

இன்னொன்றும் செய்தேன். பம்பை நிறுத்தினேனே தவிர, மின்சாரத்தை அணைக்கவில்லை. அணைத்தால் அந்த எட்டு அழிந்துவிடும். பிறகு ஆளுக்கு ஒரு ஞாபகத்தை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அஞ்சலை அம்மாள் கொஞ்ச நேரத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். வெளியே போய் வீட்டுக்காரரிடம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. உள்ளே வந்து என்னைத் தனியாக அழைத்து, ரெஹானாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். கவனம் இல்லாத கை இந்த வார்டுக்கு ஆகாது என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. விடிந்ததிலிருந்து சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்த மனிதர். நானும் சாப்பிடவில்லை. எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பும் இல்லை. ஒரே ஒரு நாள் பொறுக்கும்படி மட்டும் கேட்டேன். ரெண்டும் எட்டும் காதில் ஒன்றுபோல் கேட்கிற எண்கள் இல்லை. அவளுக்குக் காது கேட்காமல் இல்லை. அப்புறம் எப்படி என்பது என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அவளிடம் கேட்டால், "நா ரெண்டுதான் சிஸ்டர் அழுத்துனேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் வேலை உடுப்பு இல்லாமல் வந்தாள். உடுப்பு வைக்கிற பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள். அந்தப் பம்பை நான் யாருக்கும் மாட்டாமல் என் மேசையில் வைத்திருந்தேன். அவளை எதிரில் உட்கார வைத்தேன்.

"கண்ணை மூடிக்க. ரெண்டை அழுத்து."

அவள் விரல் தேடவே இல்லை. நேராக மேல் வரிசைக்குப் போய் நடுவில் இருந்த பொத்தானை அழுத்தியது. கண்ணைத் திறந்தாள். எட்டு என்று வந்திருந்தது.

"சிஸ்டர், திண்டிவனத்துல இது ரெண்டு" என்றாள்.

திண்டிவனத்தில் இருந்த பம்புகள் வேறு கம்பெனியுடையவை. அவற்றின் எண்கள் ஃபோனில் இருப்பது போல. எங்களுடையவை கால்குலேட்டர் போல. வந்த நாளிலிருந்து அவள் ஒவ்வொரு தடவையும் எண் பலகையைப் பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறாள், ஆகவே எந்தத் தப்பும் வரவில்லை. முதல் நாள் வைத்த ஐந்தும் இரண்டு பலகையிலும் நட்டநடுவில் இருக்கிற எண். பார்க்க நேரமில்லாத அந்த ஒரு கணத்தில்தான் கை தன் பழைய ஊருக்குப் போய்விட்டது.

நானும் கண்ணை மூடி இரண்டை அழுத்திப் பார்த்தேன். என் விரல் கீழே போனது. எனக்கு விழுப்புரம்தான் பழக்கம். அவளை இங்கே கொண்டுவராமல் என்னை அங்கே அனுப்பியிருந்தால், இதே தப்பு என் கையால் நடந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பெரிய டாக்டரிடம் பம்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, தன் ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ரெஹானா வேலையில் இருக்கட்டும் என்றார். ஆனால் இரண்டு வகைப் பம்பும் நன்றாகத்தான் ஓடுகின்றன, எதைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் பார்த்து அழுத்தும்படி சொல்லுங்கள் என்று முடித்துவிட்டார்.

நானும் அத்தோடு விட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், விட்டுவிடத்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அஞ்சலை அம்மாளின் வீட்டுக்காரர் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். முந்தின நாள் நான் பம்பை நிறுத்திக் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னதைக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு என்னால் பஸ் ஏற முடியவில்லை. அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். மருந்து அளவு கூடிப்போனது எங்கள் கையால் நடந்த தப்பு என்றேன். யார் கை என்று சொல்லவில்லை. எப்படி நடந்தது என்பதை, அவர் பையில் இருந்த ஃபோனை வாங்கிக் காட்டினேன். அது பொத்தான் வைத்த பழைய ஃபோன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார் என்றும் நினைத்தேன். அவர் அந்தப் பொத்தான்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இன்னொரு தபா இப்டி ஆவாது இல்லம்மா?"

ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்து அழுத்தச் சொல்லியிருக்கிறோம் என்று சொல்லலாம். அவள் பார்க்காமல் அழுத்தியது சோம்பலால் இல்லையே. மறுபடி ஒரு வேன் மோதினால், மறுபடி ஒரு கை ரத்தத்தில் இருந்தால்? "தெரியலைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் பெரிய டாக்டருக்குக் கோபம். அந்த வீட்டுக்காரர் ஆள் கூட்டி வந்தால் வாசலில் யார் நிற்பது என்று கேட்டார். சில நாட்கள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஒரு விதத்தில் ஓய்வாக இருந்தது.

அதற்கிடையில் பம்புக் கம்பெனியிலிருந்து சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். பொத்தான்களை மாற்றிப் போட முடியுமா என்று கேட்டேன். உள்ளே இருக்கிற புரோகிராமோடு சேர்ந்தது, அது முடியாது என்றார். அப்படியானால் எதற்காக இரண்டு விதமாகச் செய்தார்கள் என்று கேட்டேன். வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் கூட்டல் மெஷின்கள் இருந்தனவாம். அவற்றில் சின்ன எண்கள் கீழே, கைக்குப் பக்கத்தில். பெரிய எண்கள் மேலே. கால்குலேட்டர் அதையே எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பலகையும் அப்படித்தான். ஃபோன்காரர்கள் சுழற்றுகிற வட்டத்தை எடுத்துவிட்டுப் பொத்தான் வைக்க நினைத்தபோது, எண்களைப் பல விதமாக அடுக்கி ஆட்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். படிக்கிற மாதிரி மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வருவதுதான் புது ஆட்களுக்குச் சுலபமாக இருந்ததாம். எண்ணோடு ஆங்கில எழுத்துகளும் வரிசையாக வரவேண்டியிருந்தது என்றும் சொல்வார்களாம். வேறு காரணங்களும் சொல்கிறார்கள், எது முழு உண்மை என்று தனக்குத் தெரியாது என்றார்.

"அவங்க ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம் பண்ணிக்கினு போயிட்டாங்க சிஸ்டர். உக்காந்து பேசிக்கவே இல்ல. அப்புறம் ஜனங்களுக்கு ரெண்டும் பழகிப்போச்சு, யாராலயும் மாத்த முடியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்கேயோ இருந்த இரண்டு கூட்டத்தார், தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஒருவரும் தப்புச் செய்யவில்லை. அனந்தபுரத்து அம்மாள் வியர்த்துக் கிடந்தார். இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று பிடிபட்டது. எந்தப் பலகையும் தப்பில்லை. இரண்டும் ஒரே கைக்கு வருவதுதான் தப்பு. எங்கள் விழுப்புரத்து மேல்மாடியில் திண்டிவனத்துப் பம்புகள் சில இருந்தன. திண்டிவனத்துக்கும் எங்களுடையவை சில போயிருந்தன. பழுதானபோது மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கியவை. பெரிய டாக்டரிடம் போனேன். எதையும் தூக்கிப் போட வேண்டாம், ஆஸ்பத்திரி வண்டி ஒரு தடவை போய் வந்தால் போதும், ஃபோன் மாதிரி இருப்பவை எல்லாம் திண்டிவனத்தில், மற்றவை எல்லாம் இங்கே என்றேன். ஊர் மாறி வருகிற நர்சு முதல் கொஞ்ச காலம் பம்பைத் தனியாக வைக்கக் கூடாது, பக்கத்தில் ஒருத்தி நின்று திரையில் வந்த எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுதான் சமாதானம்.

ரெஹானா வேலையில் இருந்தாள், பம்பைத் தொடமாட்டேன் என்றாள். மற்ற எல்லாம் செய்வாள். பம்பு என்றால் வேறு யாரையாவது கூப்பிடுவாள். மற்றவர்களுக்கு அது பேஜாராக இருந்தது. நான் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தடவை அவளைப் பம்பு முன்னால் நிறுத்தி, நானும் நின்று, அவள் அழுத்துவதை உரக்கப் படித்தேன். முதலில் நான் படிக்கும்போது அழுவாள். பிறகு அழாமல் அழுத்தினாள். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

அஞ்சலை அம்மாள் காலில் அறுவைச் சிகிச்சை ஆகி, புண் ஆறுகிற வரைக்கும் சாதா வார்டில் இருந்தார். அங்கிருந்தும் ரெஹானாவையே கூப்பிட்டு அனுப்புவார், அந்தப் பெண் ஊசி போட்டால் வலிக்காது என்று. இவள் போய்ப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்குப் போகிற நாளன்று கட்டுப் பிரிக்க அவளோடு நானும் போயிருந்தேன். கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்காமலே, "அன்னிக்கு மருந்தை ஜாஸ்தியா வெச்சது நான்தாம்மா" என்றாள்.

அஞ்சலை அம்மாள் கையை நீட்டினார். அவள் தலையில் பின்னலிலிருந்து கழன்று கிடந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிவிட்டார்.

"தெரியும். அவுரு வந்து சொன்னாரு, தப்பு நடந்துபோச்சாம்னு. நீ ஊசி போட வந்தா என் மூஞ்சியப் பார்க்கமாட்ட. அதுலயே தெரிஞ்சிபோச்சு. நீயே சொல்லுவியான்னு பார்த்துக்கினு இருந்தேன்."

பிறகு, கட்டைப் பிரி, வண்டி காத்துக்கினு இருக்குது என்றார். ரெஹானா பிரித்தாள்.

அவள் அதன்பிறகும் எங்களோடு இருந்தாள். பிறகு அண்ணன் இருக்கிற ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். போன புதிதில் ஒரு தடவை அழைத்தாள். அங்கே இருக்கிற பம்புகளில் எண்களே இல்லையாம், ஏற்றவும் இறக்கவும் இரண்டு அம்புக்குறிகள் மட்டும்தானாம். அழுத்த நேரமாகிறது, ஆனால் நிம்மதியாக இருக்கிறது என்றாள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால், விழுப்புரத்துக்குப் புதுப் பம்புகள் வந்து இறங்கின. பெரிய டாக்டர் அப்போது வருவதைக் குறைத்துக்கொள்ள, அவருடைய மகன் சின்ன டாக்டர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பிரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று மேலே இருந்தது. மற்ற கட்டில்களில் எல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது.

எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். அசதிதான் வந்தது. அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நடந்ததைப் பார்த்த யாரும் அந்த வார்டில் மிச்சம் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும், அங்கே இல்லாத ஒருவருக்கு மறுபடி சொல்லவேண்டும். அவர் நம்புவதற்கு மறுபடி ஒருமுறை கெஞ்சவேண்டும். இன்னும் கொஞ்ச நாளில் போகப் போகிறோம், போகட்டும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

லிஃப்ட் ஓடவில்லை. சின்ன டாக்டரின் அறை மேல்மாடியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்வதைச் சாப்பாட்டை நிறுத்தாமல் கேட்டார். இதற்காகவா இந்தக் காலை வைத்துக்கொண்டு படி ஏறி வந்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். சரி, திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டு அங்கிருப்பதை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இறங்கும்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து ஏறி வந்த நர்சு ஒருத்தி, உங்களைப் போல அப்போதுதான் சேர்ந்தவள், பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சிஸ்டர், இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலம்மா" என்றேன்.